பெரிய கை செய்வதெல்லாம் மோசடியா?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ பஸ் தரிப்பிடத்தில் சற்று நேரம் நின்றால், கைப்பேசித் திரையில் ஏறி இறங்கும் பச்சை சிவப்புக் குச்சிகளை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களைக் காணலாம். தங்கம், மசகு எண்ணெய், பிட்கொயின் என்று எதில் கையைச் சுட்டுக்கொண்டாலும் அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பெரிய கை ஒருத்தன் அடிச்சிட்டாண்ணே." எங்கோ இருக்கும் பெருமுதலாளி ஒருவன் மொத்தமாக விற்று விலையைத் தள்ளிவிட்டான், சின்ன ஆட்கள் அகப்பட்டுக்கொண்டார்கள் என்பது அதன் பொருள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய ஓர்டர் வந்தால் விலை நகரத்தான் செய்யும். ஆனால் விலை நகர்வது வேறு, விலையைத் திரிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் அமெரிக்காவின் நீதிமன்றங்களும் ஒழுங்குமுறை ஆணையங்களும் 2010 முதல் மல்லுக்கட்டுகின்றன.

இலங்கையில் பண்டங்களுக்கான பியூச்சர்ஸ் சந்தை கிடையாது. அப்படியிருக்க மலையகத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். லயத்து அடுப்படிக்கு வரும் கோதுமை மாவும் சீனியும், கொழுந்து லொறிக்கு ஊற்றும் டீசலும் சிக்காகோ, நியூயோர்க், லண்டன் திரைகளில் நிர்ணயமாகும் விலையைப் பின்தொடர்ந்துதான் இங்கே வருகின்றன. கோப்பிக் காலத்திலிருந்தே இது நமக்குப் பழகிய கதை. 1840களின் கடைசியில் பிரித்தானியாவில் வணிக நெருக்கடி வந்தபோது இங்கே கோப்பித் தோட்டங்கள் படுத்தன. அன்று விலைச் செய்தி கப்பலில் வந்தது, இன்று நொடிக்குள் வந்துவிடுகிறது. நாம் விளைவிக்கும் தேயிலையோ உலகின் பெரிய பண்டங்களில் பியூச்சர்ஸ் திரைக்குள் அடங்காத ஒன்று. அதன் காரணத்தைப் பின்னால் பார்ப்போம், முறைகேடு எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

பியூச்சர்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட தரமுள்ள பண்டத்தை, இன்றே பேசி முடித்த விலைக்குக் கொடுக்கவோ வாங்கவோ செய்துகொள்ளும் ஒப்பந்தம். லண்டனின் ரொபஸ்டா கோப்பியில் ஓர் ஒப்பந்தம், அதாவது ஒரு லொட், 10 தொன். வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் கோப்பி மூட்டையைக் கண்ணால்கூடக் காண்பதில்லை. தவணைக்கு முன்பே விற்றுக் கணக்கை முடித்துக்கொள்வார்கள். கோப்பி விளைவிப்பவருக்கும் வறுத்து விற்கும் கம்பனிக்கும் விலை ஏறி இறங்கும் ஆபத்திலிருந்து காப்பு வேண்டும். அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ள ஊகவணிகர்கள் வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம் முன்பு கூச்சல் போடும் மண்டபமாக இருந்தது, இப்போது அது ஒரு கணினி.

அந்தக் கணினிக்குள் இருப்பதை ஓர்டர் புத்தகம் என்பார்கள். ஒரு பக்கம் வாங்க நிற்பவர்கள், மறுபக்கம் விற்க நிற்பவர்கள். நல்ல விலை சொல்பவருக்கு முதலிடம், ஒரே விலையை இருவர் சொன்னால் முந்தி வந்தவருக்கு முதலிடம். ஒரு கணத்தில் வாங்கும் பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: தொன் 4,000 டொலருக்கு 30 லொட், 3,999 டொலருக்கு 25, 3,998 டொலருக்கு 40, 3,997 டொலருக்கு 35. திரையில் பெரிதாகத் தெரியும் விலை 4,000. ஒரு லொட் விற்பவருக்கு அந்த 4,000 அப்படியே கிடைத்துவிடும்.

அவசரமாக 100 லொட் விற்க ஒருவர் வருகிறார். முதல் 30 லொட் 4,000க்குப் போகும். அந்த வரிசை காலியானதும் அடுத்த 25 லொட் 3,999க்கு, அடுத்த 40 லொட் 3,998க்கு, மிஞ்சிய 5 லொட் 3,997க்கு. சராசரியாக அவருக்குக் கிடைத்தது தொன்னுக்கு 3,998.80 டொலர். திரையில் பார்த்த விலையைவிட 1,000 தொன்னுக்கு 1,200 டொலர் குறைவு. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, பொய் சொல்லவில்லை. உண்மையில் முதலில் நட்டப்பட்டவரே அவர்தான். ஆனாலும் அவர் விற்று முடித்த கணத்தில் விலை 4,000இலிருந்து 3,997க்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு லொட் விற்க வந்த சின்ன ஆளுக்கு "யாரோ அடிச்சிட்டான்" என்றுதான் தோன்றும்.

ஆகவே விலை என்ற ஒற்றை எண் மட்டும் போதாது. அந்த விலைக்குக் கீழே எத்தனை லொட் நிற்கிறது என்ற ஆழமும் தெரிய வேண்டும். ஆழமான புத்தகத்தில் 100 லொட் விழுந்தாலும் அலை எழாது, வற்றிய புத்தகத்தில் 10 லொட்டே போதும். பெரிய வணிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் ஓர்டரைத் துண்டு துண்டாக்கி, நாள் முழுக்கப் பரப்பி, ஒரு பகுதியை மட்டும் திரையில் காட்டி மீதியை மறைத்து வைத்து விற்பார்கள். மறைத்து வைப்பதையே மோசடி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறைந்திருக்கும் ஓர்டரும் விற்கத் தயாராகத்தான் நிற்கிறது. அதைத் தொட்டால் அது நிறைவேறும்.

நேர்மையான பெரிய ஓர்டர் ஒன்று எவ்வளவு கேடு செய்யக்கூடும் என்பதற்கு 2010 மே 6ஐவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அன்று பிற்பகல் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் சில நிமிடங்களில் மடமடவென்று சரிந்தது. அன்றைய உச்சச் சரிவு ஏறக்குறைய 1,000 புள்ளிகள். இழந்ததில் பெரும்பகுதியை மீண்டும் சில நிமிடங்களிலேயே திரும்பப் பெற்றது. பல மில்லியன் டொலர் சம்பாதிக்கும் கம்பனிகளின் பங்குகள் ஒரு சதத்துக்குக் கைமாறின. அன்று மாலை 20,000க்கும் மேற்பட்ட வியாபாரங்களைச் செல்லாது என்று ரத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் பங்குச் சந்தை ஆணையமும் பண்ட பியூச்சர்ஸ் ஆணையமும் சேர்ந்து அதே ஆண்டு செப்டெம்பரில் அறிக்கை வெளியிட்டன. சந்தை ஏற்கெனவே கிரேக்கக் கடன் நெருக்கடியால் கலங்கியிருந்த அந்தப் பிற்பகலில், ஒரு முதலீட்டு நிதியம் 75,000 ஈ-மினி ஒப்பந்தங்களை விற்கக் கணினி நிரலை ஓடவிட்டது. எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணின் மேல் எழுதப்படும் பியூச்சர்ஸ்தான் ஈ-மினி. மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 4.1 பில்லியன் டொலர். நிரலுக்குக் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: முந்தைய ஒரு நிமிடத்தில் சந்தையில் எவ்வளவு கைமாறியதோ அதில் 9 வீதத்தை விற்றுக்கொண்டே இரு. என்ன விலைக்கு என்றோ எவ்வளவு நேரத்துக்குள் என்றோ எந்த வரம்பும் இல்லை.

கோளாறு அந்த 9 வீதத்தில்தான். விலை விழ விழ அதிவேகக் கணினிகள் வாங்கியதை உடனே இன்னொரு கணினியிடம் தள்ளின, அது மற்றொன்றிடம் தள்ளியது. பிற்பகல் 2.45.13க்கும் 2.45.27க்கும் இடைப்பட்ட 14 விநாடிகளில் அவை 27,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களைக் கைமாற்றின. மொத்தத்தில் அவை கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டதோ சுமார் 200 மட்டுமே. சரக்கை ஏற்க ஆள் இல்லை, ஆனால் கைமாறும் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நிதியத்தின் நிரல் அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தை நன்றாக நடக்கிறது என்று எண்ணி இன்னும் வேகமாக விற்றது. அதே நிதியம் முன்பு ஒருமுறை இதே அளவை விற்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்திருந்தது. அன்று சுமார் 20 நிமிடத்தில் விற்றுத் தீர்த்தது.

இதை நிறுத்தியது ஐந்து விநாடி. 2.45.28க்குச் சிக்காகோ சந்தையின் தானியங்கித் தடுப்பு ஈ-மினி வியாபாரத்தை ஐந்து விநாடி நிறுத்தி வைத்தது. மறுபடி திறந்தபோது வாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள், விலை ஏறத் தொடங்கியது. மனிதக் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத அந்த ஐந்து விநாடி கணினிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள்.

அந்த நிதியத்தின் மீது மோசடி வழக்கு வரவில்லை, வரவும் முடியாது. விற்க நினைத்தார்கள், விற்றார்கள். கவனக்குறைவு என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் அது சாதாரணக் கவனக்குறைவும் அல்ல. 4 பில்லியன் டொலர் சரக்கை விலை வரம்பே இல்லாமல் சந்தையில் இறக்கியவரைச் சட்டம் தொட முடியாது, ஆனால் ஒரு லொட் ஓர்டரைப் பொய்யாகப் போட்டவரைத் தொட முடியும் என்பது முதல் பார்வைக்கு அநியாயமாகத்தான் படும்.

அந்தப் பொய் ஓர்டருக்கு ஸ்பூஃபிங் என்று பெயர். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல், ரத்துச் செய்வதற்காகவே போடும் ஓர்டர். தம்புள்ளையில் ஒரு வியாபாரி "கந்தப்பளையிலிருந்து எனக்கு இன்னும் அஞ்சு லொறி கரட் ஏறிட்டு வருது" என்று உரக்கச் சொல்கிறார் என்று வையுங்கள். பக்கத்தில் கரட்டோடு நிற்கும் விவசாயிகள் பயந்து விலையை இறக்குகிறார்கள். அவர் வேறு ஆளை விட்டு அந்த விலைக்கு வாங்கிவிடுகிறார். அஞ்சு லொறி வரவே இல்லை, வரப்போவதும் இல்லை. இதையே கணினியில் ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவை செய்தால் அதுதான் ஸ்பூஃபிங்.

நமது கோப்பிப் புத்தகத்திலேயே செய்து பார்ப்போம். 4,000 டொலருக்கு 10 லொட் வாங்க வேண்டும், ஆனால் அந்த விலைக்கு யாரும் விற்க வரவில்லை. 10 லொட் வாங்கும் ஓர்டரை அங்கே போட்டுவிட்டு, மறுபக்கம் 4,002, 4,003, 4,004 என்று நடப்பு விலைக்குச் சற்று மேலே 200 லொட் விற்பதாக ஓர்டர்களை அடுக்க வேண்டும். யாரும் உடனே தொட மாட்டாத தூரம், ஆனால் எல்லோர் கண்ணிலும் படும் தூரம். விற்கும் பக்கம் கனத்துவிட்டதாக மற்றக் கணினிகள் கணக்குப் போடும், யாரோ ஒருவர் 4,000க்கு விற்றுவிடுவார். பத்து லொட் கைக்கு வந்த அடுத்த கணம் அந்த 200 லொட்டும் மாயமாகிவிடும். பிறகு பக்கத்தை மாற்றி அதே வித்தை. ஒவ்வொரு தடவையும் கிடைப்பது சில்லறைதான், சில்லறை சேரும் வேகம்தான் பயங்கரம்.

2010 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய டொட்-ஃபிராங்க் என்ற நிதிச் சந்தைச் சட்டம் இதைப் பெயர் சொல்லித் தடை செய்தது. அந்தப் பிரிவின் கீழ் முதலில் குற்றவாளியானவர் மைக்கல் கொஸ்கியா. நியூ ஜேர்சியிலிருந்து வணிகம் செய்தவர். 2011இல் சில வாரங்களில் சுமார் 1.4 மில்லியன் டொலர் சம்பாதித்ததாக வழக்கு. 2015 நவம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, 2016இல் மூன்று ஆண்டுச் சிறை.

அடுத்தவர் நவீந்தர் சிங் சராவ். லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டே சிக்காகோ சந்தையில் ஆடியவர். 2010 மே 6 அன்று அவருடைய நிரல் அடுக்கிய விற்பனை ஓர்டர்கள் 19,000 தடவைக்கு மேல் மாற்றப்பட்டன என்றும், அவற்றின் பெறுமதி 170 முதல் 200 மில்லியன் டொலர் வரை இருந்தது என்றும் அமெரிக்க நீதித் திணைக்களம் சொன்னது. ஒருகட்டத்தில் விற்கும் பக்கத்தில் நின்றதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அவருடையது. 2015இல் கைது, 2016 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2020 ஜனவரியில் ஓராண்டு வீட்டுக்காவல். ஒரு வீட்டுப் பிள்ளை தனி ஆளாக உலகச் சந்தையைக் கவிழ்த்தான் என்று பத்திரிகைகள் எழுதியது விறுவிறுப்பான கதைதான். ஆனால் மிக மோசமான அந்தச் சில நிமிடங்கள் வருவதற்கு முன்பே அவருடைய நிரல் நிறுத்தப்பட்டுவிட்டது. அன்றைய சரிவுக்கு அவர் ஒரு கை கொடுத்திருக்கலாம், அவர்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை.

தனி ஆட்கள் மட்டுமல்ல, பெரிய வங்கியும் மாட்டியது. தங்கம், வெள்ளி போன்ற உலோகங்களிலும் அமெரிக்க அரசக் கடன்பத்திர பியூச்சர்ஸிலும் தன் ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் ஸ்பூஃபிங் செய்ததற்காக ஜே.பி. மோர்கன் 2020 செப்டெம்பரில் 920 மில்லியன் டொலர் கட்ட உடன்பட்டது.

இந்த வழக்குகளின் முடிச்சு ரத்துச் செய்வதில் இல்லை. மின்னணுச் சந்தையில் வரும் ஓர்டர்களில் மிகப் பெரும்பாலானவை ரத்தாகவே செய்கின்றன. இரு பக்கமும் விலை சொல்லி நிற்பவர்கள் செய்தி வந்தால், பக்கத்துச் சந்தை அசைந்தால், உடனே பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். அந்த உரிமை இல்லாவிட்டால் யாரும் நெருக்கமான விலை சொல்ல மாட்டார்கள். ஆகவே "ரத்துச் செய்தான்" என்பது ஒன்றையும் நிரூபிக்காது. "போடும்போதே ரத்துச் செய்யும் எண்ணம் இருந்தது" என்பதை நிரூபிக்க வேண்டும். மனதுக்குள் இருந்ததை எப்படி நிரூபிப்பது?

கணினி இங்கேதான் அரசுத் தரப்புக்குக் கைகொடுத்தது. கூச்சல் மண்டபத்தில் ஒருவர் கையை உயர்த்திவிட்டு இறக்கினால் அதற்குச் சாட்சி இல்லை. கணினியில் போட்ட ஓர்டரும் எடுத்த ஓர்டரும் ஆயிரத்தில் ஒரு விநாடி வரை பதிவாகிறது. கொஸ்கியா வழக்கில் நிரலை எழுதிக்கொடுத்தவரே சாட்சிக் கூண்டில் ஏறினார். பெரிய ஓர்டர் தப்பித் தவறிச் சிறிதளவு நிறைவேறினாலும் மிச்சத்தை உடனே எடுத்துவிடும்படி அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. உண்மையாக விற்க வந்தவன் வாங்க ஆள் வந்ததும் ஓடுவானா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கொஸ்கியாவால் முடியவில்லை.

ஆனால் ஸ்பூஃபிங்கைப் பிடித்துவிட்டோம் என்று ஒழுங்குமுறையாளர்கள் மார்தட்டுவதில் எனக்குச் சற்றுச் சலிப்பு உண்டு. ஸ்பூஃபிங் விலையை ஒரு நொடிக்கு ஒரு டொலர் அசைக்கும். மா, சீனி, எண்ணெய் வாங்கும் சனங்களுக்கு அது கொசுக்கடி. உண்மையாகவே வாங்கி, உண்மையாகவே குவித்து, மாதக்கணக்கில் விலையைப் பிடித்து வைப்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். அவர்கள் போட்ட ஓர்டர் ஒவ்வொன்றும் நிஜம், அதனாலேயே அவர்களைப் பிடிப்பது கடினம்.

வெள்ளியில் அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹண்ட் சகோதரர்கள் செய்தது இதைத்தான். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டொலர் அளவில் இருந்த வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டொலரைத் தொட்டது. பியூச்சர்ஸை வாங்கியதோடு நிற்காமல், தவணை வந்ததும் வெள்ளியையே கொடு என்று கேட்டு வாங்கிக் குவித்தார்கள். சந்தை விதிகளை இறுக்கியதும் கடன் கொடுத்தவர்கள் நெருக்க, மார்ச் 27 அன்று விலை 11 டொலருக்கும் கீழே விழுந்தது. 1988இல்தான் நியூயோர்க் ஜூரி அவர்களைப் பொறுப்பாளிகள் என்றது, எட்டு ஆண்டு கழித்து.

இதைவிட நமக்கு நெருக்கமானது வெங்காயம். 1955இல் வின்சன்ட் கொசூகா, சாம் சீகல் என்ற இரு வணிகர்கள் சிக்காகோவில் கிடைத்த வெங்காயத்தில் பெரும்பகுதியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். முதலில் விலையை ஏற்றி விற்றார்கள். பிறகு விலை விழும் என்று பியூச்சர்ஸில் பந்தயம் கட்டிவிட்டு, குவித்து வைத்ததையெல்லாம் சந்தையில் கொட்டினார்கள். 1956 மார்ச்சில் 50 இறாத்தல் மூட்டை 10 சதத்துக்கு வந்தது. வெங்காயத்தைவிட அதைப் போட்டு வந்த சாக்குக்கு விலை அதிகம். கொதித்துப்போன விவசாயிகளின் நெருக்குதலால் 1958இல் அமெரிக்கா வெங்காய பியூச்சர்ஸைச் சட்டம் போட்டே தடை செய்தது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. (அந்தச் சட்டத்துக்கு 2010இல் ஒரு துணை கிடைத்தது: சினிமா வசூல் மீதான பியூச்சர்ஸ். வெங்காயமும் சினிமாவும் ஒரே தடைப் பட்டியலில் இருப்பது அந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில்தான் நடக்கும்.)

இதன் நவீன வடிவம் பக்கத்து நாட்டில் நடந்ததாகக் குற்றச்சாட்டு. 2025 ஜூலை 3 அன்று இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது இடைக்கால உத்தரவு பிறப்பித்து 4,843 கோடி இந்திய ரூபாயை முடக்கியது. காலையில் வங்கிப் பங்குகளையும் அவற்றின் பியூச்சர்ஸையும் மூர்க்கமாக வாங்கி பேங்க் நிஃப்டி சுட்டெண்ணை ஏற்றியதாகவும், அதே வேளையில் சுட்டெண் விழுந்தால் லாபம் தரும் ஒப்ஷன்களைப் பல மடங்கு அதிகமாகச் சேர்த்ததாகவும், பிற்பகலில் காலையில் வாங்கியதை விற்றுச் சுட்டெண்ணை இறக்கியதாகவும் செபி சொல்கிறது. நிறுவனம் இதை மறுக்கிறது, இரு சந்தைகளுக்கிடையிலான விலை வித்தியாசத்தைத்தான் பயன்படுத்தினோம் என்று மேன்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. பொய் ஓர்டர் ஒன்றுகூட இல்லாத வழக்கு இது. ஒரு சந்தையில் தெரிந்தே நட்டப்பட்டு இன்னொரு சந்தையில் அள்ளுவது குற்றமா என்பதுதான் கேள்வி. என் கருத்தில் பொய் ஓர்டரைவிட இதுவே பெரிய கேள்வி.

கைப்பேசி இளைஞர்கள் இந்த வழக்குகளில் எதிலும் வரமாட்டார்கள். அவர்கள் பயன்படுத்தும் செயலிகளில் பலவற்றில் ஓர்டர் எந்தச் சந்தைக்கும் போவதே இல்லை. எதிர்ப்பக்கம் நிற்பது அந்தச் செயலியை நடத்தும் நிறுவனமேதான். விலையைக் காட்டுபவரும் அவர்தான், உங்கள் நட்டத்தில் லாபம் காண்பவரும் அவர்தான். மேலும் 100 மடங்கு கடனில் ஆடும்போது விலை 1 வீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தாலே போட்ட பணம் முழுதும் போய்விடும். தங்கமோ பிட்கொயினோ 1 வீதம் நகரப் பெரிய கை எதற்கு? சாதாரண ஒரு நாளே போதும். விலை இந்த மட்டுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு என்ற கட்டளைக்கு ஸ்டொப் லொஸ் என்று பெயர். எல்லோரும் முழு எண் விலையில் அதை வைத்திருந்தால், விலை அங்கே தொட்டதும் அத்தனையும் சேர்ந்து விற்பனை ஓர்டராக மாறும், சரிவு அதிலிருந்தே பிறக்கும். கிரிப்டோவைப் பொறுத்தவரை டெபிட், கிரெடிட் அட்டைகளால் அதற்குப் பணம் செலுத்த அனுமதி இல்லை என்று மத்திய வங்கி பல தடவை அறிவித்திருக்கிறது. கைகொடுக்க ஒழுங்குமுறை அமைப்பு இல்லாத இடத்தில் நியாயம் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது?

இனித் தேயிலை. கோப்பிக்கும் சீனிக்கும் இருக்கும் பியூச்சர்ஸ் தேயிலைக்கு ஏன் வேரூன்றவில்லை? பியூச்சர்ஸுக்கு முதல் நிபந்தனை, ஒரு லொட்டும் இன்னொரு லொட்டும் ஒன்றுக்கொன்று ஈடாக வேண்டும். தேயிலை அதற்கு மசியாது. நானுஓயாப் பக்கத்து பி.ஓ.பி.எஃப். என்ற தரமும் காலிப் பக்கத்து ஓ.பி. என்ற தரமும் பெயரால்தான் தேயிலை, வாங்குபவர் வேறு, குடிப்பவர் வேறு. ஒரே தோட்டத்தின் ஒரே தரம்கூட ஜனவரிக் குளிரில் ஒரு சுவை, மழைக்காலத்தில் வேறு சுவை. ஊவாவின் பெயர்போன பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, திம்புள்ளைக்கு வருடத் தொடக்கம். நாக்கு வைத்துப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது. ஆகவே லொட் லொட்டாக மாதிரி அனுப்பி, தரகர்கள் மதிப்பிட்டு, ஏலத்தில் விடும் முறையே நிலைத்தது. கொழும்பில் முதல் பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று நடந்தது. லண்டன் ஏலம் 1998இல் மூடப்பட்டது, கொழும்பு தொடர்கிறது. 2020 ஏப்ரலில் கொவிட் வந்தபோது அதுவும் மண்டபத்திலிருந்து கணினிக்கு மாறியது.

கணினிக்கு மாறியதால் சிக்காகோவின் நோயும் ஒட்டிக்கொள்ளுமா? ஸ்பூஃபிங் ஒட்டாது. ஏலத்தில் விலை கேட்பவர் அந்த விலைக்குக் கட்டுப்பட்டவர். மேலே யாரும் கேட்காவிட்டால் சரக்கு அவர் தலையில்தான். போட்டுவிட்டு நொடியில் எடுக்கும் வசதி இல்லாத இடத்தில் பொய் ஓர்டருக்கு வேலை இல்லை. ஓர்டர் புத்தகத்தின் நோய் வாயால் சொல்லிவிட்டு ஓடுவது. ஏலத்தின் நோய் வாயைத் திறக்காமல் இருப்பது. வாங்குபவர்கள் சிலரே என்றால், ஒருவர் கேட்கும் லொட்டில் மற்றவர் கேட்காமல் விட்டாலே விலை ஏறாது. அது பேசி வைத்துச் செய்ததா, தற்செயலா என்பது தேயிலைக்கு மட்டுமல்ல, உலகத்தில் எந்த ஏலத்துக்கும் உள்ள பழைய தலைவலி.

ஒரு பெரிய வாங்குபவர் விலகினால் என்ன ஆகும் என்பதை 2017 டிசம்பரில் பார்த்தோம். பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. தடை இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை, அதற்குள் கொழும்பு பதறிப்போய், அஸ்பெஸ்டோஸ் இறக்குமதிக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அஸ்பெஸ்டோஸ் ரஷ்யாவின் ஏற்றுமதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதுவும் ஒருவகையில் பெரிய ஓர்டர் விலையை ஆட்டும் கதைதான். ஓர்டர் போட்டு அல்ல, போடாமல்.

ஏல விலை ஏலத்தோடு நின்றுவிடுவதில்லை. சிறு தோட்ட உரிமையாளர் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பச்சைக் கொழுந்தின் விலை, அந்தத் தேயிலை ஏலத்தில் பெற்ற சராசரியிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது: 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. கொழும்பில் ஒரு லொட் கிலோவுக்கு 20 ரூபாய் குறைந்து போனால் அதன் பெரும்பங்கு கொத்மலையிலோ தெனியாயவிலோ கொழுந்து கொடுப்பவரின் மாதக் கணக்கில்தான் குறையும். அவர் கைக்கு வரும்போது அது சராசரியாகிவிட்ட ஓர் எண். எந்த லொட்டை எத்தனை பேர் கேட்டார்கள், எந்த லொட்டில் ஒரே ஒருவர் மட்டும் கேட்டார் என்பது அதில் தெரியாது. கூச்சல் ஏலத்தில் அதைத் தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. இப்போது கேட்ட விலைகள் கணினி வழியாகவே போகின்றன. போட்டி எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று பார்க்க நினைத்தால் பார்க்கலாம். கொஸ்கியாவை மாட்டிவிட்டது அப்படியொரு பதிவுதான்.

மரக்கறிக்கு அந்த வசதிகூட இல்லை. 1999இல் தொடங்கிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலும், நுவரெலியா, கெப்பெட்டிபொல நிலையங்களிலும் கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு விலை அதிகாலைப் பேச்சில் முடிவாகிறது. மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்பதும் அந்தப் பேச்சிலேயே அடங்கும். முதல்நாள் இரவு தொலைபேசியில் கேட்ட விலைக்கும் லொறி போய் நின்றபின் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஏன் என்று கந்தப்பளை விவசாயி கேட்டால், "சாமான் கூடிப்போச்சு" என்ற ஒரு வரிதான் பதில். கூடியது எத்தனை லொறி என்று காட்டும் பதிவு அவர் கையில் இல்லை. மத்திய வங்கியும் கொப்பேகடுவ ஆராய்ச்சி நிறுவகமும் தம்புள்ளை, புறக்கோட்டை மொத்த விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. அந்த அட்டவணையில் கரட் கிலோ இன்ன விலை என்று இருக்கும். அந்த விலைக்கு எத்தனை கிலோ கைமாறியது என்பது இருக்காது.